சகலையின் சாய்வு

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், அதாவது என் சகலை, என்னைவிட உயரம். சம்பளமும் உயரம், குடியிருக்கும் மாடியும் உயரம். நாற்பதைத் தாண்டியும் தலைமுடி ஒன்றுகூட அவரை விட்டுப் போகவில்லை. இதையெல்லாம் நான் இத்தனை வருடம் பொறுத்துக்கொண்டேன். எனக்குப் பெரிய மனசு என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு ஏரி இருந்தது, அவ்வளவுதான்.

ஊருக்கு வெளியே இருக்கும் அந்த ஏரியை வருடத்துக்கு ஒருமுறை நீச்சல் சங்கத்துக்காரர்கள் கரையிலிருந்து கரைக்கு நீந்திக் கடப்பார்கள். வழிகாட்ட ஆரஞ்சு நிற மிதவைகள் கட்டியிருக்கும். பக்கத்தில் படகு வரும். இது போட்டி இல்லை, சேர்ந்து நீந்துவது மட்டும்தான் என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். சொல்லட்டும். யார் முதலில் கரையேறுகிறார் என்று பார்க்காத கண் உண்டா? நான் ஒருநாளும் முதலில் வந்ததில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் தண்ணீரில் இறங்குகிறவன் நான் ஒருவன்தான். நாள் முழுக்க மேஜைமேல் குனிந்து கோட்டும் பேன்ட்டும் வெட்டுகிற தையல்காரன், யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாகக் கற்ற நீச்சலில் ஏரியைக் கடந்து எழுந்து வருவான். கரையில் கொழுந்தியாள் துண்டோடு ஓடி வருவாள். "நம்ம குடும்பத்துல மாமா மாதிரி யாரால முடியும்?" என்று புருஷனைப் பார்த்துச் சொல்வாள். ஷூவில் சேறு படாமல் தள்ளி நிற்கும் சகலை சிரிப்பார். அந்தச் சிரிப்பு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். அதைப் பார்ப்பதற்காகவே நான் இன்னொரு ஏரியையும் கடப்பேன்.

போன வருடம் அவர் ஷூவோடு வரவில்லை. நீச்சல் உடையில் வந்தார். கம்பெனிக் குளத்தில் யாருக்கும் சொல்லாமல் பழகியிருக்கிறார். கொழுந்தியாளுக்கே முந்தின நாள்தான் தெரியுமாம். சும்மா என் பின்னால் வருவதாகச் சொன்னார். பின்னால்தான் வந்தார், கடைசி மிதவை வரைக்கும். அங்கே என் பக்கத்தில் நீளமாக ஏதோ வழுக்கிக்கொண்டு போயிற்று. பார்த்தால் சகலை. நான் தண்ணீரை அடித்து நொறுக்கிக்கொண்டிருக்கிறேன். அந்த மனுஷன் சோபாவில் ஒருக்களித்துப் படுத்தவர் மாதிரி வலப்பக்கம் சாய்ந்து, இடது கையை மெதுவாக வெளியே எடுத்து, தலைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போகிறார். அவசரமே இல்லை.

நான் கரையேறியபோது துண்டு அவர் தோளில் இருந்தது. என் மனைவி என்னிடம், மூச்சு வாங்கிக்கொண்டு சொட்டச் சொட்ட நிற்கிற என்னிடம், "அவர் நீந்தினதப் பாத்தீங்களா? எவ்வளவு அழகு" என்றாள். நனைந்துபோய் நிற்கிறவனுக்கும் வயிறு எரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த வருட ஏரிக்குள் அவரை முந்தியாக வேண்டும். சாப்பிடும்போதும் அதே நினைப்பு, துணி வெட்டும்போதும் அதே நினைப்பு. ஒரு வாடிக்கையாளரின் பேன்ட்டில் இரண்டு காலையும் இடது காலாகவே வெட்டிவிட்டேன். இனி தானாகக் கற்றது போதாது, யாரிடமாவது ஒழுங்காகக் கற்க வேண்டும் என்று கிளம்பினேன்.

நீச்சல் கற்றுக்கொடுக்கப்படும் என்று போர்டு இல்லாத தெரு இல்லை. ஆனால் போய்க் கேட்டால், குழந்தைக்கு என்ன வயது என்கிறார்கள். குழந்தை நான்தான் என்றேன். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெரியவர்கள் வகுப்புக்கு அனுப்பினாள். அங்கே ஏழெட்டுப் பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் முகத்தை வைத்துக் குமிழி விட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு மிதவைப் பலகையைக் கையில் கொடுத்தார்கள். நீந்தத் தெரியும் என்றேன். தெரிந்தால் எதற்கு வந்தீர்கள் என்றார் கற்றுக்கொடுப்பவர். இன்னோர் இடத்தில் பந்தயத்துக்குத் தயாராகும் பிள்ளைகளோடு இறக்கிவிட்டார்கள். எல்லாம் மீன்குஞ்சுகள். நான் குளத்தின் நீளத்தை ஒருமுறை கடப்பதற்குள் அவர்கள் போய்த் திரும்பியும் வந்தார்கள். "அங்கிள், நீங்க ஓரமா போறீங்களா?" என்று ஒரு பெண்பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டாள். நீச்சலே தெரியாதவனுக்கும் இடம் இருக்கிறது, நன்றாகத் தெரிந்தவனுக்கும் இடம் இருக்கிறது. அரைகுறையாகத் தெரிந்த நடுவயதுக்காரன் எங்கே போவான்?

சகலையிடமே கேட்டிருக்கலாம் என்றாள் மனைவி. அதற்கு நான் அந்த ஏரியிலேயே முங்கிப் போயிருக்கலாம்.

கேட்கவில்லையே தவிர, பார்க்கப் போனேன். அவருடைய கம்பெனிக் குளத்துக்கு மேல்மாடியில் கண்ணாடிச் சுவர் வைத்த காப்பிக் கடை இருக்கிறது. அந்தக் கம்பெனி ஆட்கள் சிலருக்கு நான்தான் கோட் தைக்கிறேன். தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் ஒரு காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு, அது ஆறி ஆடை கட்டும்வரை கீழே பார்ப்பேன். தையல்காரன் கண் ஆளைப் பார்த்தாலே அளவெடுத்துவிடும். எவ்வளவு சாய்கிறார், கை எந்த இடத்தில் தண்ணீரைத் தொடுகிறது, தலை எப்போது திரும்புகிறது, எல்லாவற்றையும் மனசில் குறித்துக்கொண்டேன். ரகசியம் அந்தச் சாய்வில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். கடையில் ஆள் இல்லாத நேரத்தில், வாடிக்கையாளர்கள் போட்டுப் பார்க்கும் நிலைக்கண்ணாடி முன் நின்று நானும் சாய்ந்தேன். பிறகு குளத்தில் சாய்ந்தேன். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். தெரிந்தேதான் போட்டுக்கொண்டேன்.

கழுத்து பிடித்துக்கொண்டது. வேகம் முன்பைவிடக் குறைந்தது. நீச்சல் சரியாகத்தான் வந்திருக்கிறது, நமக்குத்தான் தம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பஸ் டிரைவர் ஒருவர் நான்கு பேன்ட்டுகளைக் கொண்டுவந்து இடுப்பைக் குறைத்துத் தரச் சொன்னார். வருடா வருடம் இடுப்பைக் கூட்டிக்கொண்டு போகிறவர். உடம்புக்கு என்ன என்று பயந்து கேட்டேன். பழைய நகராட்சிக் குளத்தில் விடியற்காலையில் ஒரு வகுப்பு நடக்கிறதாம். ஏற்கெனவே நீந்தத் தெரிந்த பெரியவர்களுக்கு மட்டும். முறையைத் திருத்துவார்கள், மூச்சு வாங்காமல் நீந்தப் பழக்குவார்கள். எனக்கென்றே யாரோ அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. டிரைவரின் பேன்ட்டுகளை அன்றைக்கே முடித்துக் கொடுத்தேன்.

அந்த வகுப்பை நடத்துகிறவள் என் கடைசித் தங்கை வயதுப் பெண். எப்போதும் வாயில் விசில் இருக்கும், பேசும்போதும் எடுக்கமாட்டாள். அதனால் எல்லோரும் அவளை விசில் என்றுதான் சொன்னார்கள். முதல் நாள் என்னை இரண்டு நீளம் நீந்தச் சொன்னாள். நான் என் சாய்வையெல்லாம் காட்டி நீந்தினேன். சுவரைத் தொட்டு நிமிர்ந்தபோது அவள் விசிலை வாயிலிருந்து எடுத்திருந்தாள்.

"இடது தோள்ல எப்போ அடிபட்டுச்சு?"

அடி ஒன்றும் படவில்லை என்றேன். ஆபரேஷனா என்றாள். அதுவும் இல்லை என்றேன்.

"அப்புறம் ஏன் தோள் போன ஆள் மாதிரி நீந்துறீங்க? கையத் தூக்க முடியாதவங்கதான் உடம்பையே சாச்சு கைய வெளிய எடுப்பாங்க. நீட்ட முடியாததால தலைகிட்டயே வச்சிருவாங்க. வலிக்குப் பயந்து செய்றது அது. நல்ல கால வச்சுக்கிட்டு ஏங்க நொண்டுறீங்க?"

பக்கத்து லேனில் பஸ் டிரைவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சகலைக்குக் கோட் தைத்தது ஞாபகம் வந்தது. நான்கு மாதம்கூட ஆகியிருக்காது. அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னேன். வலது கையைத் தூக்கினார். இடது கைக்கு வந்ததும், அதே அளவுதான் போட்டுக்குங்க என்று சிரித்து மழுப்பினார். இடது தோள் அரை அங்குலம் இறங்கியிருந்தது. நானே உள்ளே பஞ்சு வைத்துச் சரிக்கட்டினேன். வைத்துவிட்டு என்ன நினைத்தேன் தெரியுமா? பெரிய உத்தியோகக்காரன், தோளைக்கூட ஸ்டைலாகச் சாய்த்துக்கொண்டு நிற்கிறான் என்று நினைத்தேன். இரண்டு கண்ணும் பொறாமையில் வெந்துபோயிருந்தால் அளவு நாடா என்ன செய்யும்?

அந்த ஆளுக்குத் தோள் போய்விட்டது. வலியோடு நீந்துகிறார். வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, வீடு வரும்வரை சீட்டியடித்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு விடியற்காலை வகுப்பை நான் விடவில்லை. விசில் என் சாய்வை எடுக்க எடுக்க, அடியில் என் சொந்த நீச்சல் வெளியே வந்தது. அதைப் பார்த்து அவள் இன்னும் பயந்தாள். என் கை கட்டைவிரல் முதலில் போகும்படி தண்ணீரில் இறங்குகிறது, அதுவும் தலைக்கு முன்னால் குறுக்கே விழுகிறது, தோள் எலும்பில் உரசி உரசித் தேய்வதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்றாள். இத்தனை வருடம் எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றேன்.

"நீங்க போற வேகத்துக்கு ஒண்ணும் ஆகாது," என்றாள்.

அவமானம்தான். ஆனால் அவள் சொன்னபடி செய்தேன். விரல் நுனி முதலில், கை தோளுக்கு நேராக. தொடையிலிருந்து உதைக்க வேண்டும், முழங்காலிலிருந்து இல்லை. மூச்சைத் தண்ணீருக்குள் விட்டுவிட வேண்டும், வெளியே வந்து விடக்கூடாது. மெதுவாகப் போகிறவர்களின் கடைசி லேனில் ஆரம்பித்தவன், வகுப்புக்கு வந்த ஒரு பல் டாக்டரையும் பஸ் டிரைவரையும் தாண்டி, வேகக்காரர்களின் முதல் லேனுக்கு வந்தேன். இதைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. விடியற்காலையில் வாக்கிங் போவதாகச் சொல்லியிருந்தேன். வாக்கிங் போய்விட்டு வருகிறவன் கண் ஏன் சிவந்திருக்கிறது என்று மனைவி கேட்கவே இல்லை. அவள் என்னை அவ்வளவு கவனித்துப் பார்க்கிறவள் இல்லை.

ஏரிக்கு ஒரு மாதம் இருக்கும்போது சகலை குடும்பம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தது. பேச்சு ஏரிக்குத் திரும்பியது. இந்த வருடமும் அவர்தான் முன்னால் வருவார் என்று என் மனைவி அவர் தட்டில் பரிமாறிக்கொண்டே சொன்னாள். என் தட்டு காலியாக இருந்தது. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எழுந்துபோய் ஒரு தண்ணீர் ஜக்கை நிரப்பி சகலையின் வலது கையில் கொடுத்தேன். மேல் அலமாரியில் டம்ளர் இருக்கிறது, உயரமான ஆள் நீங்கள்தான், மறு கையால் எடுத்துக் கொடுங்கள் என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது. இடது கையைத் தூக்கினார். அது மார்புக்கு வந்தது. பிறகு நின்றுவிட்டது. முகம் வெளிறி, ஜக்கிலிருந்து தண்ணீர் தளும்பிக் கால்மேல் கொட்டியது. கொழுந்தியாள் எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"எத்தன நாளா?" என்றாள்.

அவர் ஜக்கைக் கீழே வைத்தார். நான்தான், தோளில் ரொம்ப நாளாகவே ஏதோ இருக்கும்போல என்று இரக்கக் குரலில் எடுத்துக் கொடுத்தேன். ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது. இனி ஏரி என்னுடையது.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று அடுத்த வாரம் தெரிந்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தோளில் தசைநார் கிழிந்திருக்கிறது, இந்த வருடம் தண்ணீர்ப் பக்கமே போகக்கூடாது என்றாராம். அவ்வளவுதான். அக்காவும் தங்கையும் போனில் அதைத் தவிர வேறு பேசவில்லை. போன வருடமே இந்த வலியோடுதான் நீந்தினாரா என்று கொழுந்தியாள் அழுதாள். "அந்த வலியோட வந்தே இவர முந்திட்டாரே, பாவம்" என்று என் மனைவி, நான் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னாள். முன்பு அவர் என்னைவிட வேகமானவர். இப்போது என்னைவிட வேகமான தியாகி. நானே கிரீடம் செய்து அவர் தலையில் வைத்திருக்கிறேன்.

போதாததற்கு ஒரு வேலையும் வந்தது. கையைத் தூக்கிச் சட்டை போட முடியவில்லை, நீங்கள்தான் ஏதாவது செய்து தர வேண்டும் என்றாள் மனைவி. கழுத்திலிருந்து இடது கை முனைவரை திறந்து மூடுகிற மாதிரி, பட்டன் வைத்து இரண்டு சட்டைகள் தைத்தேன். போட்டுப் பார்த்துச் சரிசெய்ய அவர் வீட்டுக்குப் போனபோது கொழுந்தியாள் மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு தோள் தையலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி பேசினார்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு நான் கேக்கல சகலை. வலின்னு நானா சொல்லியிருந்தா நிறுத்தச் சொல்லியிருப்பா. நிறுத்தினா மறுபடியும் நீங்கதான். வருஷா வருஷம் கரையில நின்னு, அவ துண்டத் தூக்கிக்கிட்டு உங்ககிட்ட ஓடுறதப் பாத்திருக்கேன். ஒரு தடவயாவது அந்தத் துண்டு எனக்கு வரணும்னு இருந்துச்சு."

நான் ஒரு ஊசியைக் குத்தினேன்.

"கிளாஸுக்குப் போனா கம்பெனி பூரா தெரிஞ்சிரும். அதனால உங்களப் பாத்தே கத்துக்கிட்டேன். ஒவ்வொரு வருஷமும் உங்க கை எப்படி உள்ள போகுதுன்னு பாத்து வச்சுக்குவேன். கட்டைவிரல் முதல்ல, தலைக்கு முன்னாடி குறுக்க. அதயே வேகமா போட்டுப் போட்டுப் பழகினேன்."

அந்தத் தோள் என் விரல்களுக்கு அடியில் சூடாக இருந்தது. நான் மெதுவாகப் போனதால் தப்பித்தேன். அவர் என் கைவீச்சை எடுத்துக்கொண்டு வேகமாகப் போனார். தோள் கிழிந்து சாய்ந்தார். அந்தச் சாய்வை நான் எடுத்துக்கொண்டேன். பூனையைப் பார்த்துப் புலி சூடு போட்டுக்கொண்டது என்று எந்தப் பழமொழியிலும் இல்லை. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வாயில் குண்டூசி இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஏரி நாள் அன்று காற்றே இல்லை. நான் விரல் நுனியை முதலில் விட்டேன். மூச்சைத் தண்ணீருக்குள் விட்டேன். முதல் மிதவையில் என் முன்னால் ஒரு கூட்டம் இருந்தது. நடு மிதவையில் நான்கைந்து பேர். கடைசி மிதவையைத் தாண்டித் தலையைத் தூக்கிப் பார்த்தபோது, எனக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. இத்தனை வருடத்தில் முதல்முறை. நெஞ்சு நிறைந்துபோய், கடைசிக் கொஞ்ச தூரத்தை வேண்டுமென்றே நிதானமாக, அழகாக நீந்தினேன். எல்லோரும் பார்க்கட்டும் என்று.

எழுந்து நின்றேன். யாரும் பார்க்கவில்லை. மடக்கு நாற்காலியில் சகலை உட்கார்ந்திருந்தார். அவர் தோளுக்கு வெயில் படாமல் குடையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று அக்காவுக்கும் தங்கைக்கும் விவாதம் நடந்துகொண்டிருந்தது. துண்டைச் சுருட்டி அவர் முழங்கைக்கு அடியில் அணையாக வைத்திருந்தார்கள். என் மனைவி திரும்பிப் பார்த்து, "அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்றாள். திரும்பவும் குடைக்குப் போய்விட்டாள்.

கரையில் ஒரே ஒருவர் கண் மட்டும் என்மேல் இருந்தது. சகலை என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. காப்பி ஆறி ஆடை கட்டும்வரை கண்ணாடிச் சுவரில் முகத்தை வைத்துப் பார்த்தவன் நான். அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா? முதல் மிதவையிலிருந்து ஒரு கைவீச்சுகூட விடாமல் பார்த்திருக்கிறார். என் பெண்டாட்டி பார்க்காததை, துண்டோடு ஓடி வந்த காலத்தில்கூடக் கொழுந்தியாள் பார்க்காததை, இந்த மனுஷன் வருடா வருடம் பார்த்திருக்கிறார்.

அவர் முழங்கைக்கு அடியிலிருந்து துண்டை உருவினார். குடைக்காரிகள் கத்தினார்கள். எழுந்து வந்து வலது கையால் என்னிடம் நீட்டினார்.

"கைய மாத்திட்டீங்க," என்றார். "இப்ப விரல் நுனிதான் முதல்ல போகுது. குறுக்கயும் வரல. யாரு சொல்லிக்குடுத்தா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். தோள் ஆறியதும் இந்த உயரத்தோடும் இந்தக் காலோடும் ஒழுங்கான கைவீச்சும் சேர்ந்தால் அடுத்த வருடம் நான் அவர் பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டு வரவேண்டியிருக்கும். முதன்முதலாக முன்னால் வந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வயிறு மறுபடியும் எரிய ஆரம்பித்தது. ஆனால் அவர் தவிர அந்தக் கரையில் வேறு யார் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள்?

பழைய நகராட்சிக் குளம், விடியற்காலை, விசில் என்று கேளுங்கள் என்றேன். பழைய கைவீச்சை மறந்துவிடுங்கள், அதுதான் உங்கள் தோளைத் தின்றது என்றும் சொன்னேன். அவர் ஏரிப் பக்கம் திரும்பி, வலது கையின் விரல் நுனியைக் காற்றில் முன்னால் விட்டுப் பார்த்தார்.

"தோள் சரியானதும் வர்றேன்," என்றார்.

"வாங்க. ஆனா என் லேன்ல வராதீங்க."

"வேண்டாம் சகலை," என்றார். "பக்கத்து லேன் போதும். அங்கேருந்து நல்லாத் தெரியும்."